சாம்பல் பூசிய காபிக்கொட்டை

நாடு சுதந்திரம் அடைந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். அப்போது நான் மைசூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. தேவராஜ மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் சின்ன வீடு. கல்யாணமாகி இரண்டு வருடம். சம்பளம் சொற்பம், பேச்சு மட்டும் ஏராளம். அதிலும் காபி என்று வந்துவிட்டால் எனக்கு நிகர் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் அது.

கொட்டையை வீட்டிலேயே வறுத்து, பலகையில் திருகி வைத்த கைமெஷினில் அரைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் பித்தளை பில்டரில் போட்டு இறக்கினால்தான் எனக்கு அது காபி. மற்றதெல்லாம் கஷாயம். சிக்கரி என்று யாராவது சொன்னால் நிஜமாகவே இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். மார்க்கெட்டில் நான் கொட்டை வாங்கும் கடைக்காரர் இதைப் பார்ப்பதற்காகவே, நான் படியேறும்போதெல்லாம், "சிக்கரி கொஞ்சம் சேர்க்கட்டுமா ஓய்?" என்று கேட்பார். நானும் சளைக்காமல் காதைப் பொத்துவேன். கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவர்கள் என் ரசனையை மெச்சிச் சிரிக்கிறார்கள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒரு கல்யாணத்துக்காகக் குண்டலுபேட்டை போயிருந்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் அவள் வரவில்லை. நீலகிரிப் பக்கத்தில் வேலையாக இருந்த என் மச்சினன் கல்யாணத்துக்கு வந்திருந்தான். அத்திம்பேருக்கென்று கடையில் கிடைக்காத எஸ்டேட் காபிக்கொட்டை இரண்டு படி கொண்டுவந்து, என் காக்கித் தோள்பையில் அவனே போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டான். சண்டை முடிந்த பிறகு பட்டாளத்துச் சாமான்களையெல்லாம் மலிவாக விற்றார்களே, அப்போது வாங்கிய பை அது. அந்த நாளில் மைசூரில் பாதிப் பேர் தோளில் அந்தப் பைதான் தொங்கும்.

சனிக்கிழமை மத்தியானம் குண்டலுபேட்டையில் மைசூர் பஸ் ஏறினேன். ஊட்டியிலிருந்து வரும் பஸ். ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். ஒடிசலான உடம்பு, நேரான முதுகு. அவர் தலைக்கு மேலே பலகையில் ஒரு காக்கித் தோள்பை இருந்தது. அதன் பக்கத்திலேயே என் பையையும் வைத்தேன். நடக்கப்போகிற கூத்துக்கு அந்த நிமிஷத்திலேயே நான் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன்.

மரியாதைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். கொள்ளேகாலம் தாண்டி ஹனூர்ப் பக்கம் சொந்த ஊர் என்றும், குடகில் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரி என்றும், ஒரு சாமான் வாங்கிக்கொள்ள ஊட்டிப் பக்கம் போய்த் திரும்புவதாகவும், மறுநாள் பகல் பஸ்ஸில் மடிகேரி போகவேண்டும் என்றும் சொன்னார். காபி என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டேன். செடி வளர்ப்பது வேறு, காபி போடுவது வேறு என்று ஆரம்பித்து வறுப்பது, அரைப்பது, இறக்குவது என்று ஒன்று விடவில்லை. காபிச் செடிகளுக்கு நடுவிலேயே வேலை செய்கிற மனிதருக்குக் காபிப் பாடம்! அவரும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "அப்புடிங்களா" என்பார். அது எனக்கு நெய் ஊற்றினாற்போல இருக்கும்.

நஞ்சன்கூடு வந்தபோது, நீங்கள் காபி குடிப்பதுண்டா என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று மலர்ந்தது.

"ஒரு காபி இருக்குதுங்க. அதைக் குடிச்சுப் பாக்கோணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசைங்க. இப்பக்கூட பாருங்க, அந்தப் பையில..." என்று மேலே பார்த்தார்.

நான் முடிக்க விடவில்லை. "சிக்கரி இல்லாத காபி எதுவானாலும் நல்லதுதான்" என்று சொல்லி, காதைப் பொத்திக் காட்டி, என் கடைக்காரர் கதையை எடுத்துவிட்டேன். கடை மார்க்கெட்டில் எந்த வரிசையில் இருக்கிறது என்பது வரைக்கும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பையில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மைசூர் வந்ததும், மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற அவசரத்தில் பலகையில் கைக்கு அகப்பட்ட காக்கிப் பையை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மனைவி நன்றாகத்தான் இருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாகப் பையைப் பிரித்தேன். உள்ளே ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால், ஒரே சாம்பல்! கொட்டை ஒவ்வொன்றும் மேல்தோலோடு சாம்பலில் புரண்டு கிடந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் மேலுகோட்டைப் பக்கத்துப் பெண். வீட்டைச் சுற்றிக் கொடியும் பந்தலுமாக வளர்ந்தவள். "ஏன்னா, இது விதைக்கு வெச்சாப்பல இருக்கே. எங்காத்துல அவரை விதைக்குத்தான் இப்படிச் சாம்பல் பூசி வெப்பா" என்றாள்.

எனக்குத் தெரியாதா? பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக எஸ்டேட்டில் அப்படிச் செய்வார்கள் என்று அந்த நிமிஷத்தில் நானே ஒரு சாஸ்திரம் உண்டாக்கிச் சொன்னேன். உன் தம்பி சோம்பேறி, தோல் நீக்காமல் அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டான் என்று மச்சினனையும் ஒரு பிடி பிடித்தேன். அரைப்படி அளந்து எடுத்துத் துணியால் துடைத்து, உரலில் மெல்ல இடித்துத் தோலை நீக்கி, முறத்தில் புடைத்து எடுத்தேன். மிச்சம் ஒன்றரைப் படியையும் நன்றாக அலம்பி மாடியில் வெயிலில் காயப்போடு என்று மனைவியிடம் உத்தரவு போட்டேன். அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரும்பு வாணலியில் கொட்டையைப் போட்டு வறுக்க ஆரம்பித்தேன். ஐயா, அந்த வாசனையை எப்படிச் சொல்வேன்! முதலில் வழக்கம்போல வைக்கோல் வாடை. அப்புறம் சடசடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் வீடே மாறிப்போயிற்று. நான் அதுவரை வறுத்த கொட்டைகளில் வந்த மணம் இல்லை இது. மழை விட்ட பிறகு காட்டு மண்ணிலிருந்து கிளம்புமே, அந்த மணம். அதற்கு அடியில் வெல்லப்பாகு. இன்னும் அடியில் பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல ஒன்று.  அரைக்கும்போது மெஷினை நிறுத்தி நிறுத்தி மோந்து பார்த்தேன். மனைவியையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். கோபத்தில் இருந்தவள்கூட இன்னொரு தடவை குனிந்து மோந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு கன்னட வாத்தியார் இருந்தார். அவர் பல் தேய்த்த கையோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏன் ஸ்வாமி, இது யாவ காபி?" என்றார். இது என்ன காபி என்று எனக்கே தெரிந்தால்தானே!

டிகாஷன் கருகருவென்று இறங்கியது. பால் விடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். விட்டேன். புளிப்பு துளிக்கூட இல்லை. எண்ணெய்போலக் கனமாக நாக்கில் படிந்தது. விழுங்கின பிறகும் போகாமல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. நான் குதிக்காத குறைதான். பால் விட்டு மூன்று பேரும் குடித்தோம். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். மச்சினனைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டு, அவனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதக் காகிதத்தைக்கூட எடுத்து வைத்தேன்.

வாத்தியாரோடு காபிப் பேச்சிலேயே பொழுது ஏறி, மணி பதினொன்றைத் தாண்டியபோதுதான் மனைவி அந்தக் காக்கிப் பையை உதறினாள். அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. எடுத்துப் படித்தவள் அதை என்னிடம் நீட்டினாள்.

கப்பலில் வேலை செய்கிற ஒருவர் தன் சிநேகிதருக்கு எழுதிய கடிதம். சுமத்ரா தீவில் நீ சொன்ன அதே மலையில் இரண்டு தடவை ஏறி, விதைக்கென்று நிழலில் உலர்த்திய கொட்டை வாங்கி வந்திருக்கிறேன். நனைக்காதே, வெயில் காட்டாதே. பறித்து மூன்று மாதம் தாண்டினால் முளைக்காது, ஒரு மாதம் கப்பலிலேயே போய்விட்டது. எங்கள் கப்பல் இனி அந்தத் துறைமுகம் பக்கம் போகாது என்கிறார்கள், பத்திரம். இவ்வளவுதான் கடிதம்.

 பலகையில் இருந்த இரண்டு பை, "அந்தப் பையில" என்று மேலே பார்த்த அவர் முகம், எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஒரு மனிதர் கடல் தாண்டி வரவழைத்த விதையை வறுத்து, அரைத்து, பால் விட்டுக் குடித்து, ஏப்பமும் விட்டாயிற்று. மிச்சமாவது? ஐயோ, அலம்பச் சொன்னேனே!

"அலம்பிட்டியா?" என்று கத்தினேன்.

"இல்லேன்னா. மனசு வரலை. சாம்பலோட அப்படியே மூட்டை கட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன்" என்றாள்.

என் பேச்சை அவள் கேட்காமல் இருந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். மூட்டையைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, வாத்தியாரின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு பறந்தேன். மடிகேரி பஸ் பன்னிரண்டு மணிக்கு. மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வண்டிகளும் பூக்கூடைகளும் நடுத்தெருவில். மணியை அடித்துக்கொண்டே, யார் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டே மிதித்தேன். வேட்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. நிற்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மடிகேரி பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. கூரை மேலே சாமான் கட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். கண்டக்டரிடம் கேட்டேன். அந்த அடையாளத்தில் யாரும் வரவில்லை என்றார்கள். என் கண் முன்னாலேயே பஸ் கிளம்பிப் போயிற்று. அவர் பெயர் எனக்குத் தெரியாது. எஸ்டேட் பெயர் தெரியாது. இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனிதரைப் பற்றி எனக்கு இரண்டு வரிக்கு மேல் தெரியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடு வெயிலில் நின்றேன். அழுகை வந்துவிட்டது.

அவரைப் பற்றி எனக்குத் தெரியாது, சரி. என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? என்னதான் தெரியாது! காபிக் கடை, அது இருக்கும் வரிசை, நான் காதைப் பொத்துவது, எல்லாம் சொல்லியிருக்கிறேனே! சைக்கிளைத் திருப்பினேன்.

மார்க்கெட்டில் கடைக்காரர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "வாரும் ஓய், வாரும்! கடை திறக்கறதுக்கு முன்னாலேருந்து காத்துண்டிருக்கார். சிக்கரின்னா காதைப் பொத்திக்கற மனுஷர் எங்கே இருக்கார்னு கேட்டார். வேற யாரா இருக்கும்! உம்ம வீடு எந்தச் சந்துன்னுதான் எனக்குத் தெரியலை."

கடையோரத்தில் ஒரு சாக்குமூட்டை மேல், என் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸையும் விட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

நான் எதையும் மறைக்கவில்லை. அரைப்படியை வறுத்துக் குடித்துவிட்டதையும் சொல்லிவிட்டேன். அவர் மூட்டையை அவிழ்த்தார். ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தார். இன்னொன்று, இன்னொன்று. "உசுரு இருக்குதுங்க" என்றார். மூட்டையைத் திரும்பக் கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். என்னை இரண்டு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் நிமிர்ந்து, "எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டார்.

கேலி இல்லை, கோபமும் இல்லை. பசித்தவன் கேட்பதுபோல ஒரு கேள்வி. காபியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வறுத்த கொட்டை இன்னும் மீதி இருக்கிறது, நீங்களே வந்து குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அவர் தயங்கினார். "நான் இங்கயே நின்னுக்கறனுங்க" என்றார். அந்தக் காலத்தில் எங்கள் மாதிரி வீடுகளில் யார் எதுவரை வரலாம் என்பதற்கெல்லாம் கோடு உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி வந்து, "உள்ளே வாங்கோ, உங்க காபியை நாங்க குடிச்சாச்சு, நீங்க வாசல்லே நிக்கறதாவது" என்று கூப்பிட்டுவிட்டாள்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில்தான் அவர் கதையைக் கேட்டேன். பட்டாளத்தில் இருந்தவர். சிங்கப்பூரில் பிடிபட்டு, ஜப்பான்காரர்கள் கப்பலில் ஏற்றிச் சுமத்ராவில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். மலை அடிவாரத்தில் கைதி முகாம். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் காபி வறுப்பார்களாம். பட்டினி வயிற்றோடு அந்த வாசனையைக் குடித்துக்கொண்டே இரண்டு வருடம். ஒருநாள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கொட்டாங்குச்சியில் கொஞ்சம் காபி ஊற்றி வேலி வழியாக நீட்டியிருக்கிறாள். வாங்கி வாய்க்குக் கொண்டுபோகும்போது காவல்காரன் தட்டிவிட்டான். அவளுக்கும் அடி விழுந்ததாம். "கைக்கு வந்துச்சுங்க, வாய்க்கு வரல" என்றார். எஸ்டேட் துரையிடம் நாற்றங்காலில் ஒரு மூலை கேட்டு வாங்கியிருக்கிறாராம், அந்தச் செடியை வளர்த்து ஒருநாள் குடித்துவிட வேண்டும் என்று. நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பில்டரை எடுத்தேன். அவர் கூச்சத்தோடு, அங்கே வடிகட்ட மாட்டார்கள் என்றார். டம்ளரிலேயே பொடியைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கருப்பட்டி ஒரு துண்டு போட்டு, பொடி அடியில் உட்காரும்வரை காத்திருப்பார்களாம். டம்ளரில் பொடியா! நேற்றைய நானாக இருந்தால் அரை மணி நேரம் வாதாடியிருப்பேன். பில்டரை ஓரமாக வைத்துவிட்டு அவர் சொன்னபடியே மூன்று டம்ளர் போட்டேன்.

அவர் டம்ளரை எடுத்து, எங்கள் வழக்கம் தெரிந்தவராக, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனார். அப்படி ஊற்றினால் அடிப்பொடி கலங்கி வாயெல்லாம் மண்டிவிடும். இந்தக் காபியை வாய் வைத்து மெல்ல மெல்லத்தான் உறிஞ்ச முடியும். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். என் மனைவி பார்த்தாள். தன் டம்ளரை எடுத்தாள். பிறந்ததிலிருந்து எச்சில் பண்ணிக் குடித்தறியாதவள், அவர் எதிரிலேயே உதட்டில் வைத்து ஒரு வாய் உறிஞ்சினாள். நானும் உறிஞ்சினேன். அப்புறம் அவர்.

ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இதுதானுங்க. அந்த வாசம்தானுங்க" என்றார். பொடி பல்லில் ஒட்டியது, கருப்பட்டி சரியாகக் கரையவில்லை. ஆனால் காலையில் பால் விட்டுக் குடித்தபோது தெரியாத ஒன்று, இன்ன ருசி என்று பெயர் சொல்ல வராத ஒன்று, அதில் இருந்தது. 

மறுநாள் பஸ்ஸில் அவரை நானே ஏற்றிவிட்டேன். மீதி வறுத்த கொட்டையையும் கட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. போட்டதில் முக்கால்வாசி முளைத்துவிட்டது, சாம்பலை அலம்பாத அம்மாவிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு என் மனைவி பாயசம் வைத்தாள்.

நாலைந்து வருடம் ஓடிற்று. ஒருநாள் தபாலில் ஒரு சின்னப் பார்சல். பிரித்தால் மணம் கூடத்தை நிரப்பிற்று. அதே காட்டு மண், அதே மரப்பெட்டி. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: "முதல் காய்ப்பு. இது வறுத்ததுங்க. தாராளமாகக் குடிக்கலாம்." நானும் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே டம்ளரில் பொடியைப் போட்டு, வாய் வைத்தே குடித்தோம்.

இன்றும் பஸ்ஸில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என் வாய் துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் முளைக்காமல் போன அந்த அரைப்படி ஞாபகம் வந்துவிடும், "பையில என்னங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருப்பேன்.